கால் எட்டாத பைக்கை எட்ட வைப்பது: உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் உயரம் 5 அடி 1 அங்குலம். ஓட்டுவது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. இதைச் சொன்னதும் பாதிப் பேர் என் காலைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் "கீழே போட்டதில்லையா?" என்று கேட்பார்கள். போட்டிருக்கிறேன். வாங்கிய மூன்றாம் நாளே, பெட்ரோல் பங்க்கில், பணம் கொடுத்துவிட்டு வண்டியை இரண்டடி முன்னால் நகர்த்தும்போது. இடது கால் ஊன்றிய இடத்தில் தரை நாலு விரல் அளவு தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான். வண்டி மெதுவாகச் சாய ஆரம்பித்தது. 199 கிலோ ஒரு கோணத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் நாம் பிடித்துக்கொண்டிருப்பது வெறும் மரியாதைக்குத்தான்.

அன்று சாயங்காலமே லோயரிங் கிட், அதாவது வண்டியைத் தாழ்த்தும் உதிரிபாகங்கள், தேட ஆரம்பித்தேன். நல்லவேளை, உடனே வாங்கவில்லை. இன்றைக்கும் என் வண்டியில் அந்தக் கிட் கிடையாது, ஆனால் கால் எட்டுகிறது. ஒவ்வொரு மில்லிமீட்டரையும் எங்கிருந்து எடுத்தேன், எதைத் தொடாமல் விட்டேன், ஏன் விட்டேன் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். செலவில்லாதது, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது முதலில். வெட்டுவது, வெல்டு வைப்பது கடைசியில்.

முதலில் டேப்பை எடுங்கள்

நம் உயரம் இங்கே அவ்வளவாக உதவாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரின் கால் நீளம் இரண்டு அங்குலம் வித்தியாசப்படும். வேண்டியது உள்கால் நீளம். வெறுங்காலில் சுவரோடு முதுகை ஒட்டி நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துமே, அந்த அளவுக்கு மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை எவ்வளவு? எனக்கு 70 செ.மீ. வண்டி ஓட்டும்போது போடும் ஷூவின் அடித்தடிமன் 3 செ.மீ. ஆக 73.

இப்போது வண்டியின் பக்கம். கம்பெனி கொடுக்கும் சீட் உயரம் ஹிமாலயன் 411-க்கு 800 மி.மீ. ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள்: அவெஞ்சர் 220 குரூஸுக்கு 737, மீட்டியோர் 350-க்கு 765, ஸ்பிளெண்டர் பிளஸுக்கு 785, ஹண்டர் 350-க்கு 790, கிளாசிக் 350-க்கு 805, ஹிமாலயன் 450-க்கு 825, பழைய கேடிஎம் 390 அட்வென்ச்சருக்கு 855.

இந்த எண்ணை மட்டும் பார்த்து வண்டி வாங்கினால் ஏமாறுவோம். இரண்டு விஷயம் அதில் தெரியாது. ஒன்று, நாம் உட்கார்ந்ததும் ஷாக் அப்சார்பர் எவ்வளவு அமுங்கும் என்பது. ஆஃப்ரோடு வகை வண்டிகளில் ஸ்பிரிங் நீண்டு அமுங்கும் என்பதால் சீட் நன்றாகவே இறங்கிக் கொடுக்கும். இரண்டு, சீட்டின் அகலம். கால் நேராகத் தரைக்கு இறங்குவதில்லை. சீட்டின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு, அப்புறம்தான் கீழே போகிறது. அதனால் டேப்பை ஒரு பக்கம் தரையில் வைத்து, ஃபுட்ரெஸ்ட்டுக்கு மேல்பக்கமாகச் சீட்டைச் சுற்றிப் போட்டு, மறுபக்கத் தரை வரை அளந்து பாருங்கள். இந்தச் சுற்றளவில் பாதிதான் உண்மையிலேயே உங்கள் கால் எட்ட வேண்டிய தூரம். 800 மி.மீ. உயரத்தில் ஒல்லியான சீட்டும் 775-இல் பெஞ்சு மாதிரி அகலமான சீட்டும் காலுக்கு ஒன்றுதான்.

எவ்வளவு எட்டினால் போதும்?

இரண்டு பாதமும் சப்பென்று தரையில் படிய வேண்டும் என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். அந்த ஆசைதான் ஆளுக்கு ஆள் வண்டியைக் கெடுக்க வைக்கிறது. என் கணக்கு இது: இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஊன்றினால் இரண்டு பக்கமும் விரல்களாவது பட வேண்டும். ஒரு பக்கம் லேசாக நகர்ந்து உட்கார்ந்தால், அந்தக் காலின் முன்பாதி அழுத்தமாகப் பதிய வேண்டும். இந்த அளவு கிடைத்தால் சிக்னலில் நிற்கலாம், மேட்டில் நிற்கலாம், பின்னால் ஆள் ஏறலாம்.

எடையையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்பிளெண்டருக்கும் ஹண்டருக்கும் சீட் உயரத்தில் 5 மி.மீ.தான் வித்தியாசம். ஆனால் ஒன்று 112 கிலோ, இன்னொன்று 181 கிலோ. ஸ்பிளெண்டர் சாய்ந்தால் தொடையால் தாங்கிவிடலாம். கனமான வண்டி என்றால் எட்டும் தூரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள்.

பைசா செலவில்லாத பகுதி

சென்டர் ஸ்டாண்ட் போட்ட வண்டியில் ஏறி உட்காருங்கள். இடது பக்கம் ஊன்றப் போகிறீர்கள் என்றால் இடுப்பைச் சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்துங்கள். வலது தொடை சீட்டில், வலது பாதம் ஃபுட்ரெஸ்ட்டில், அப்படியே பின் பிரேக்கின் மேல். இடது கால் எவ்வளவு கீழே போகிறது பாருங்கள். எனக்கு இதிலேயே நாலு செ.மீ.க்கு மேல் கிடைத்தது. பல கிட்டுகள் இவ்வளவு கொடுக்காது.

வண்டி நிற்பதற்கு முன், கடைசி இரண்டு மூன்று மீட்டரில், நடைவேகத்தில் இதைச் செய்யப் பழக வேண்டும். நிற்பதற்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், ஏனென்றால் நின்ற பிறகு இடது கால் ஊன்றுகோலாகிவிடும், கியர் போட வராது. கடைசியில் முன் பிரேக்கை விட்டுப் பின் பிரேக்கால் நிறுத்துங்கள். முன் பிரேக்கோடு நின்றால் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) அமுங்கித் திரும்ப எழும்பும், அந்த ஒரு ஆட்டத்தில்தான் கால் தடுமாறும். ஹேண்டில்பார் நேராக இருக்கட்டும். திருப்பிய நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும், எட்டாத காலால் அதைத் தடுக்கவே முடியாது. காலி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முப்பது நாற்பது தடவை நிறுத்திப் பாருங்கள். போர் அடிக்கும். செய்யுங்கள்.

நிற்கும் இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர்ச் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். அதனால் இடது ஓரமாக ஒதுங்கினால் இடது காலுக்குத் தரை தூரமாகிவிடும். அங்கே வலது காலை ஊன்றுவது எளிது. அல்லது நடைபாதைக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதன் மேல் இடது காலை வையுங்கள். மழை பெய்து தண்ணீர் தேங்கிய இடத்தில் காலை விடவே விடாதீர்கள். ஆழம் தெரியாது.

பார்க்கிங்கில் சரிவு இருந்தால், வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து நிற்க வேண்டும். அப்போது வெளியே எடுக்கும்போது தானாகப் பின்னால் வரும். பள்ளத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, விரல் நுனியால் 199 கிலோவைப் பின்னால் தள்ள முயன்ற அனுபவம் எனக்கு உண்டு. தள்ள வேண்டியிருந்தால் வெட்கப்படாமல் இறங்கி, இடது பக்கம் நின்று, இடுப்பை டேங்கில் சாய்த்துத் தள்ளுங்கள்.

சீட்: நிஜமான வேலை இங்கேதான்

மாற்றி அமைப்பதில் முதல் கை வைக்க வேண்டிய இடம் சீட். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் அடிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) எதுவும் கெடாமல் இரண்டு மூன்று செ.மீ. கிடைப்பது இதில் மட்டும்தான். சில கம்பெனிகளே தாழ்ந்த சீட் விற்கின்றன. உங்கள் மாடலுக்கு அப்படி ஒன்று இருந்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள், இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம்.

இல்லையென்றால் குஷன் கடை. போவதற்கு முன் ஒரு யோசனை: வண்டியோடு வந்த சீட்டை வெட்டாதீர்கள். பழைய சீட் ஒன்று தேடி வாங்கி அதை வெட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற ஊர்களிலும் பழைய உதிரிபாகக் கடைகளில் சொல்லி வைத்தால் வரும். உறை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அடித்தட்டும் பூட்டும் உடையாமல் இருந்தால் போதும். வெட்டியது பிடிக்கவில்லை என்றால் அசல் சீட் வீட்டில் இருக்கும். வண்டியை விற்கும்போதும் கைகொடுக்கும்.

கடையில் உறையைக் கழற்றியதும் ஃபோமைப் பார்க்கலாம். அடித்தட்டு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது, நடுவில் மேடாக இருக்கும். அதனால் மேலே இருந்து பார்த்து "ஒரு அங்குலம் எடு" என்று சொல்லக்கூடாது. மெல்லிய கம்பியை ஃபோமில் செங்குத்தாகக் குத்தி, தட்டில் இடித்ததும் விரலால் பிடித்து எடுத்து, அளவைப் பார்க்க வேண்டும். ஐந்தாறு இடத்தில் குத்துங்கள். எனக்கு உட்காரும் இடத்தில் 75 மி.மீ., நடுமேட்டில் 60. வெட்டிய பிறகு எந்த இடத்திலும் 40 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது என்று நான் வைத்துக்கொண்டேன். அதற்கும் குறைந்தால் அரை மணி நேரத்தில் இடுப்பெலும்பு தட்டைத் தொட்டுவிடும்.

கடைக்காரர் பெரியவர். ஃபோமை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டு இஞ்ச் எடுத்துடலாமாம்மா? ஜம்முனு எட்டும்."

"வேண்டாம் அண்ணே. முதல்ல முக்கால் இஞ்ச். உக்காந்து பாத்துட்டு அப்புறம் எடுக்கலாம்."

"தடவைக்குத் தடவை உறை மாட்ட முடியாதும்மா."

"உறையே வேண்டாம். வெறும் ஃபோமோட வண்டியில வச்சுப் பாக்கிறேன்."

அவருக்கு அது விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் இதுதான் சரியான முறை. எடுத்த ஃபோமைத் திரும்ப ஒட்டினால் ஒட்டிய இடத்தில் பசை கெட்டியாகி உறுத்தும். அதனால் கொஞ்சம் வெட்டு, வண்டியில் வை, ஷூவோடு உட்கார், இறங்கு, திரும்பக் கொஞ்சம் வெட்டு. மூன்று தடவை இப்படிப் போய் 25 மி.மீ.யில் நின்றோம். முதலில் ஹாக்சா பிளேடால் பெரிய அளவை எடுத்தார். பிறகு கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு மாட்டி வழித்தார். பிளேடு வெட்டிய இடம் படிக்கட்டு மாதிரி இருக்கும். வழிக்காமல் உறை போட்டால் அந்தப் படி உறைக்கு மேலேயே தெரியும், தொடைக்கும் தெரியும்.

உயரத்தைக் குறைத்ததை விட எனக்கு அதிகப் பலன் தந்தது வேறு ஒன்று. சீட்டின் முன்பக்கம், டேங்கை ஒட்டிய பகுதியில், இரண்டு ஓரத்தையும் சாய்வாகச் சீவச் சொன்னேன். நிற்கும்போது நாம் முன்னால் நகர்ந்துதான் காலை ஊன்றுவோம், தொடை இறங்குவது அந்த இடத்தில்தான். பக்கத்துக்கு ஒன்றேகால் அங்குலம் சீவியதும் கால்கள் அகலாமல் நேராக இறங்கின. சுற்றளவு டேப்பை மறுபடி போட்டுப் பார்த்தபோது பாதிக்கு இன்னொரு 15 மி.மீ. குறைந்திருந்தது. உட்காரும் இடத்தின் அகலத்தை மட்டும் குறைக்காதீர்கள். ஓடும்போது உடம்பின் எடையைத் தாங்குவது அதுதான்.

இன்னும் மூன்று எச்சரிக்கை. சீட்டை முன்னால் சரிவாக வெட்ட விடாதீர்கள், ஒவ்வொரு பிரேக்குக்கும் டேங்கில் போய் இடிப்பீர்கள். உட்காரும் இடம் தட்டையாக, லேசான குழி மாதிரி இருக்கட்டும். அடுத்து, ஃபோம் குறைந்ததை ஈடுகட்ட மேலே ஒரு அரை அங்குலத்துக்குக் கெட்டியான ரீபாண்டட் ஃபோம் ஒட்டலாம். ஆனால் அந்த அரை அங்குலத்தையும் கணக்கில் சேர்த்துக் கீழே கூடுதலாக வெட்ட வேண்டும். மூன்றாவது மழை. தையல் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ஃபோம் ஸ்பாஞ்சு மாதிரி குடித்துவிட்டு, வெயில் வந்த பிறகும் இரண்டு நாள் உங்கள் பேண்ட்டை நனைக்கும். உறைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் போடச் சொல்லுங்கள். ரெக்ஸின் வழுக்காத சொரசொரப்பு வகையாக இருக்கட்டும்.

பின் ஷாக்: இருக்கும் திருகைத் திருப்புங்கள்

பெரும்பாலான வண்டிகளில் பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ஒரு வளையம் இருக்கும். பிரீலோடு என்பார்கள். இரட்டை ஷாக் வண்டிகளில் படிப்படியாக வெட்டிய வளையம், வண்டியோடு வரும் கொக்கி ஸ்பானரால் திருப்பலாம். இதைத் தளர்த்தினால் ஸ்பிரிங் மென்மையாகும் என்று பல மெக்கானிக்குகளே சொல்வார்கள். அப்படி இல்லை. ஸ்பிரிங்கின் கடினம் அதேதான். வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதுதான் மாறும். நமக்கு வேண்டியதும் அதுதானே.

அளக்கும் விதம்: சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கட்டும். ஆக்சிலின் (சக்கர அச்சின்) மையத்திலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு டேப் துண்டு ஒட்டி, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்று குறியுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, நீங்கள் ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு ஏறி உட்கார, ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அதே தூரத்தை அளக்க வேண்டும். வித்தியாசம்தான் அமுங்கிய அளவு. பொதுவாக மொத்த ஓட்டத்தில், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய தூரத்தில், மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்கலாம். ஹிமாலயன் 411-இல் பின் ஓட்டம் 180 மி.மீ., ஆக 60 வரை போகலாம். 52 கிலோ எடையுள்ள எனக்கு 42தான் அமுங்கியது. எடை குறைந்தவர்களுக்கு எப்போதும் இந்தச் சிக்கல் உண்டு, வண்டி நம்மைவிடக் கனமான ஆளுக்காக அமைக்கப்பட்டிருக்கும். வளையத்தைக் கடைசிப் படி வரை தளர்த்தியதும் 53 வந்தது. 11 மி.மீ. இலவசம்.

ஒரே நிபந்தனை, பின்னால் ஆளோ பெட்டியோ ஏறினால் திரும்ப இறுக்க வேண்டும். மறந்தால் முதல் வேகத்தடையிலேயே "டங்" என்று அடித்து நினைவுபடுத்தும்.

கையும் பாதமும்

சின்ன ஆளுக்குக் கால் மட்டும் எட்டாமல் இல்லை, கையும் எட்டுவதில்லை. ஆனால் அதை யாரும் பேசுவதில்லை. நகர நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டி, இடது மணிக்கட்டு வலித்தால் காரணம் பெரும்பாலும் லீவரின் சாய்வுதான். ஓட்டும் நிலையில் உட்கார்ந்து, விரல்களை நீட்டி லீவரின் மேல் வையுங்கள். முழங்கை முதல் விரல் நுனி வரை ஒரே கோடாக வர வேண்டும். மணிக்கட்டு மேலே மடங்கினால் லீவர் பிடிப்பானின் போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். ஐந்து நிமிட வேலை.

லீவர் தூரமாக இருந்தால், தூரம் மாற்றும் சக்கரம் உங்கள் வண்டியில் இருக்கிறதா பாருங்கள். அப்பாச்சி ஆர்டிஆர் 200 4வி மாதிரி சிலவற்றில் கம்பெனியே கொடுத்திருக்கிறது. இல்லாதவற்றுக்கு வெளியில் வாங்கி மாட்டலாம். பிரேக் லீவரை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். அளவு சரியில்லாத லீவர் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே வைத்திருக்கும், டிஸ்க் சூடாகும். கிளட்ச் கேபிளைத் தளர்த்தி லீவரைக் கிட்டத்தில் கொண்டுவரும் குறுக்கு வழியும் வேண்டாம். லீவர் சும்மா அசையும் அளவு 2, 3 மி.மீ.தான் இருக்க வேண்டும். அதிகம் தளர்த்தினால் கிளட்ச் முழுதாக விடாது, கியர் கரகரக்கும்.

ஹேண்டில்பாரைக் கிளாம்பில் கொஞ்சம் நம் பக்கம் சுழற்றலாம், அதைப் பின்னோக்கி நகர்த்தும் ரைசர் என்ற இடைத்துண்டும் மாட்டலாம். எதைச் செய்தாலும் ஒரு சோதனை கட்டாயம்: சென்டர் ஸ்டாண்டில் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடி முதல் வலது கோடி வரை திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் ஏதோ கேபிள் இழுபடுகிறது. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எதுவும் விறைப்பாகக்கூடாது, டேங்கில் விரல் நசுங்கக்கூடாது.

கியர் லீவரைப் பற்றி ஒரு வரி: சின்னப் பாதத்துக்கு அதை ஒரு பல் கீழே இறக்கினால் கணுக்காலுக்கு நிம்மதி. பின் பிரேக் பெடலை இறக்கினால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஷூ விஷயமும் இங்கேயே முடிந்துவிடும். தடித்த அடியுள்ள ரைடிங் பூட்ஸ், ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. வரை கூட்டிக் கொடுக்கும். பிடிப்புள்ள ரப்பர் அடியாக இருக்க வேண்டும். குதிகால் மட்டும் உயர்ந்த செருப்பால் பயன் இல்லை, நாம் ஊன்றுவது முன்பாதத்தில்.

இதுவரை என் கணக்கு: சீட்டில் 25, ஓரம் சீவியதில் 15, ஷாக்கில் 11, பூட்ஸில் 10. ஏறக்குறைய 6 செ.மீ. நான் இங்கேயே நின்றுவிட்டேன். நீங்களும் வண்டியை ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே படித்தால் நல்லது.

இன்னும் போதவில்லை என்றால்: ஃபோர்க்கும் லிங்கும்

முன் ஃபோர்க் குழாய்களைப் பிடித்திருக்கும் மேல், கீழ் கிளாம்புகளைத் தளர்த்தி, குழாயை மேலே தள்ளினால் வண்டியின் முன்பக்கம் இறங்கும். பின்னால், மோனோஷாக்கோடு (ஒற்றை ஷாக்கோடு) இணைந்த லிங்கேஜ் இருக்கும் வண்டிகளில் அந்த இணைப்புத் தகடுகளை வேறு நீளத்தில் மாற்றினால் பின்பக்கம் இறங்கும். ஹிமாலயனில் லிங்கேஜ் உண்டு. இரட்டை ஷாக் வண்டியில் குட்டையான ஷாக் போட வேண்டும். ஷாக்கின் முனையில் இரும்புத் துண்டு வைத்து இணைப்பை நகர்த்தும் வித்தையைச் சில பட்டறைகளில் செய்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள், முழுச்சுமையும் வாங்கும் இடம் அது.

முன்னும் பின்னும் சேர்ந்து இறங்க வேண்டும். பின்னால் மட்டும் இறக்கினால் ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும், ஸ்டீயரிங் மந்தமாகும். முன்னால் மட்டும் இறக்கினால் வேகத்தில் ஹேண்டில் படபடக்கும். ஃபோர்க்கை 5 மி.மீ. படிகளில் மட்டும் நகர்த்துங்கள், 10-க்கு மேல் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எஞ்சின் அடியில் ஜாக்கி கொடுத்து, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். இரண்டு குழாயும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். போல்ட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் ஃபோர்க்கின் உள்குழாயில் ஒரு பிளாஸ்டிக் டேக் கட்டி, மேடுபள்ளத்தில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், எதுவரை அமுங்கியது என்று அது நின்ற இடம் சொல்லும். அந்த அளவுக்கு அமுங்கும்போது டயர் மட்கார்டில் இடிக்க இடம் இருக்கிறதா?

இறக்கியதற்கு வண்டி வேறு இடங்களில் கணக்குக் கேட்கும். முதலில் கேட்பது சைடு ஸ்டாண்ட். வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்ட் அதே நீளம். அப்போது வண்டி சாயாமல் நிமிர்ந்து நிற்கும், யாரோ உரசினால் மறுபக்கம் போய் விழும். வெட்டும் அளவைக் கண்டுபிடிக்க எளிய வழி: முன், பின் டயர்களுக்கு அடியில் ஒரே தடிமனுள்ள பலகைகளை வைத்து, ஸ்டாண்ட் மட்டும் தரையில் இருக்கும்படி நிறுத்துங்கள். பழைய சாய்வு வரும்வரை பலகையைக் கூட்டிக்கொண்டே போங்கள். அந்தத் தடிமன்தான் வெட்ட வேண்டிய அளவு. லேத் பட்டறையில் இரண்டு நூல் (கால் அங்குலம்) குறைவாகவே வெட்டச் சொல்லி, ஒன்றிரண்டு புள்ளியில் மட்டும் வெல்டு வைத்து நிறுத்திப் பார்த்த பிறகு முழு வெல்டு வைக்கட்டும். வெல்டிங்கின்போது பேட்டரி கழற்றியிருக்க வேண்டும், முடிந்தால் ஸ்டாண்டையே கழற்றிக் கொண்டுபோங்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போடுவது இனி மல்யுத்தம்தான், ஏனென்றால் வண்டியை முன்பைவிட அதிகம் தூக்க வேண்டும். செயினின் தளர்ச்சியைப் புதிதாகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள ஹிமாலயனில் இரண்டு செ.மீ. போனால் தாங்கலாம். 170 உள்ள கிளாசிக்கில் அதே இரண்டு செ.மீ., நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிற்றைக் கிழிக்கும்.

தாழ்ந்த டயர் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: 120/90-17 டயரின் பக்கச்சுவர் 108 மி.மீ., 120/80 என்றால் 96. கிடைப்பது 12 மி.மீ. அதைச் சீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சட்டப் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சீட் குஷன், லீவர் சாய்வு, பிரீலோடு ஆகியவற்றுக்காக என்னை யாரும் நிறுத்தியதில்லை. லிங்க், குட்டை ஷாக் என்று போனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள், வாரண்டியில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படித்துவிடுங்கள்.

முதல் 100 கிலோமீட்டர், அப்புறம் விழுந்தால்

எதை மாற்றினாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்று மாற்றி, தெரிந்த சாலையில் ஓட்டி, பிறகு அடுத்தது. 100 கிலோமீட்டர் ஓடியதும் தொட்ட போல்ட் ஒவ்வொன்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். பின் டயரின் மேல் மட்கார்டு உள்பக்கம் உரசல் கோடு ஏதும் விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

எவ்வளவு செய்தாலும் என்றாவது ஒருநாள் வண்டி சாயத்தான் போகிறது. சாய ஆரம்பித்ததும் பிடிக்கப் போராடாமல் காலை வெளியே எடுத்துவிடுங்கள். லீவர் விலை குறைவு, முழங்கால் அப்படி இல்லை. விழுந்ததும் எஞ்சினை அணையுங்கள். வண்டி வலது பக்கம் கிடந்தால், தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிடுங்கள், மறுபக்கம் விழாமல் இருக்கும். முதல் கியரில் இருந்தால் உருளாது. ஹேண்டிலைக் கீழ்ப்பக்கம் முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் பின்புறத்தைப் பதித்துக் குந்துங்கள். ஒரு கை கீழிருக்கும் ஹேண்டில் பிடியில், மறு கை பின்னால் கைப்பிடிக் கம்பியில். முதுகை வளைக்காமல், காலை உதைத்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். 52 கிலோ உள்ள நான் இப்படித்தான் தூக்குகிறேன். ஆனாலும் பங்க்கில் ஓடி வந்த இரண்டு தம்பிகளை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிமிர்த்தியதும் லீவர் வளைந்திருக்கிறதா, பெட்ரோல் கசிகிறதா என்று பார்த்துவிட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். புது வண்டிகள் பலவற்றில் சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் இருக்கிறது. சாவியை முழுதாக அணைத்துத் திரும்பப் போட்டால்தான் ஸ்டார்ட் ஆகும். இது தெரியாமல் அன்றைக்கு நான் இருபது நிமிடம் பட்டனை அழுத்திக்கொண்டு நின்றேன்.